ரைஸ் குக்கரை எங்கே ஒளிப்பது? – வாசகர் கேள்வி, மாணவி பதில்

போன மாத இதழில், பல்கலைக்கழக வாழ்க்கையைப் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று ஆசிரியர் ஓரமாக ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தார். கடிதம், வாட்ஸ்அப், ஒரு தாத்தா அனுப்பிய ஆறு நிமிடக் குரல் பதிவு என்று குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் அப்படியே என் தலையில் கட்டிவிட்டார். நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பெண். மூன்றாம் ஆண்டு மாணவி, இப்போது செமஸ்டர் விடுமுறை. அம்மா முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், இப்போது பள்ளிக் கேண்டீனில் வேலை. அப்பா லோரி ஓட்டுகிறார். எங்கள் லயத்திலிருந்து யூனிக்குப் போன மூன்றாவது ஆள் நான். முதல் இரண்டு பேரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், ஆனால் அவர்களுக்கு வேலை இருக்கிறது, எனக்கு விடுமுறை இருக்கிறது, அதனால் மாட்டியது நான்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே இன்னும் ஓர் ஆண்டு பாக்கி, கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன்.

கேள்வி: என் மகளுக்குச் சரவாக்கில் யூனிமாஸ் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. ஈப்போவைத் தாண்டித் தனியாகப் போகாத பிள்ளை. பெண் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பாதே, மேல்முறையீடு செய்து பக்கத்தில் வாங்கு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது? – ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

அம்மா, முதலில் மகளிடம் ஒன்று கேளுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தில் அந்தப் படிப்பை அவள் எத்தனையாவது இடத்தில் போட்டிருந்தாள்? மேலே போட்டிருந்தால், கேட்டது கிடைத்திருக்கிறது, இடம் தூரம் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். கடைசியில் ஒப்புக்குப் போட்டது என்றால் பேச வேண்டியதுதான். மேல்முறையீட்டு விதிகளை முழுதாகப் படித்து, கையில் இருக்கும் இடத்தை அது பாதிக்குமா என்று தெரிந்துகொள்வதற்கு முன் யார் பேச்சையும் கேட்டு 'மறுக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தவேண்டாம்.

யூனிமாஸ் 1992-இல் தொடங்கியது, கூச்சிங் பக்கத்தில் கோத்தா சமரஹானில் இருக்கிறது. நம் தீபகற்பத்துப் பிள்ளைகள் சரவாக்கில் படிக்க அந்த மாநிலக் குடிநுழைவுத் துறையின் மாணவர் பாஸ் எடுக்க வேண்டும், நாமும் மலேசியர்தானே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. பல்கலைக்கழகமே வழி சொல்லும், பாரங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். இன்னொன்று, சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது. அந்த வாரம் தேர்வோ பிரசென்டேஷனோ இருந்தால் அவள் அங்கேதான் இருக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நாளுக்காக இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், வீடியோ அழைப்பில் அழுதுவிடாதீர்கள், அவள் அழுவது போதும்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். உங்கள் பையனுக்கு அங்கே கிடைத்திருந்தால் இதே ஆட்கள் பிலேன் டிக்கெட்டுக்கு ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக் கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: முதல் செமஸ்டர் முடிவு வந்துவிட்டது. 1.9. அப்பாவிடம் சொல்லவில்லை. எஸ்பிஎம், எஸ்டிபிஎம் பள்ளித் தேர்வு எல்லாம் நன்றாகச் செய்தவன்தான். என்னைத் துரத்திவிடுவார்களா? – பெயர் வேண்டாம், பீடோர்

தம்பி, எனக்கு முதல் செமஸ்டர் 1.95. அப்பாவிடம் சொல்ல எனக்கு 11 நாள் பிடித்தது. சொன்னபோது லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். "எத்தனைக்கு?" என்றார். நாலுக்கு என்றேன். "பாதிக்குக் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு ஸ்பானரைக் கேட்டார். அவ்வளவுதான். 11 நாள் நான் சரியாகச் சாப்பிடாததுதான் மிச்சம். எல்லா அப்பாவும் இப்படி இருக்கமாட்டார், தெரியும், ஆனாலும் சொல்லிவிடு.

துரத்தமாட்டார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 2.00-க்குக் கீழே போனால் அடுத்த செமஸ்டர் கண்காணிப்பில் வைப்பார்கள், எடுக்கும் பாடங்களைக் குறைக்கச் சொல்வார்கள், திரும்பத் திரும்ப விழுந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவது. உன் இடத்தில் சரியாக என்ன விதி என்று மாணவர் கையேட்டில் இருக்கும், அதைப் படி. கணக்கும் அவ்வளவு மோசம் இல்லை. ஒவ்வொரு செமஸ்டரும் அதே அளவு கிரெடிட் என்று வைத்துக்கொள். 1.95-க்குப் பிறகு 3.00 எடுத்தால் சராசரி 2.48 ஆகிவிடும். அதற்கடுத்து 3.30 எடுத்தால் 2.75. எனக்கு ஏறக்குறைய அப்படித்தான் ஏறியது. முதல் வகுப்பு எனக்குப் போய்விட்டது, அதை மறைக்கவில்லை, ஆனால் படிப்பு போகவில்லை.

ஏன் விழுந்தோம் என்பதுதான் பெரிய கதை. இரண்டு காரணம் சொல்வேன்.

முதலாவது, கிரெடிட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவழிக்க வேண்டிய 40 மணி நேரம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். வாரத்துக்கு 3 மணி வகுப்பு, 14 வாரம், மொத்தம் 42. மிச்சம் 78 மணி நேரம் எங்கே? அது நாமே உட்கார்ந்து படிக்க வேண்டியது. எஸ்டிபிஎம் படிக்கும்போது மணி அடிக்கும், டீச்சர் தேடி வருவார், டியூஷன் இருக்கும், ராத்திரி அம்மா விளக்கை அணைக்க வரும்போது ஒரு திட்டு விழும். இங்கே புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்தால் வியாழன் காலை பத்து வரைக்கும் உன்னை யாரும் கேட்கமாட்டார்கள். நான் அதை ஓய்வு நேரம் என்று நினைத்தேன். தூங்கினேன், நாடகம் பார்த்தேன், தோழிகளோடு மேகி தின்றேன். ஐந்து பாடத்துக்கும் தலா 78 மணி நேரம் என்னைக் கேட்காமலே கடன் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் வெட்கக்கேடு. எனக்குப் புள்ளியியல் ஐந்தாவது வாரத்தோடு விட்டுப்போய்விட்டது. விரிவுரையாளர் புதன்கிழமை இரண்டிலிருந்து நான்கு வரை அறையில் இருப்பேன், வாருங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் மூன்று முறை போனேன். மூன்று முறையும் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிவதைப் பார்த்துவிட்டு, இருக்கிறார் என்று தெரிந்ததுமே திரும்பிவிட்டேன். இல்லாமல் இருந்திருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். நான்காவது முறை தட்டினேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், "இது முன்னாடியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்" என்றார். வெளியே வந்துவிட்டேன். என் ஆலோசகர் என்று ஒருவரைப் போட்டிருந்தார்கள், அவருக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை என்று பெரிய மனசோடு எழுத எனக்கு வரவில்லை, தப்புதான்.

ஆனால் அந்த நடைபாதையில் நான் நின்ற விதம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் யோசித்தேன். எங்கள் தாத்தா தோட்டத்து ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) பேசப் போனால் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும். கேட்க வந்தது ஒன்று இருக்கும், கேட்டுவிட்டு வருவது வேறு ஒன்றாக இருக்கும். அந்த ஆபீஸ் போய் இருபது வருடம் ஆகிறது, செம்பனை ஆபீசும் மாறிவிட்டது, நான் மட்டும் நாலாவது மாடியில் லிப்டில் ஏறிப் போய் அதே படிக்கட்டுக்குக் கீழே நின்றிருக்கிறேன்.

இரண்டாவது செமஸ்டரில் கம்பார்க்காரி ஒரு சீனப் பெண், என் வகுப்புத் தோழி, என்னைக் கையைப் பிடித்து அதே அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் புரியவில்லை, ஆனால் அவளுக்கு வெட்கமே கிடையாது. ஒரு தாளில் தான் போட்டுப் பார்த்த கணக்கை எழுதி வைத்திருந்தாள். "சார், இந்த மூன்றாவது வரி வரைக்கும் வருகிறது, நான்காவது எப்படி வந்தது?" என்றாள். அதே மனிதர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தார். "புரியவில்லை சார்" என்று போய் நின்றால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. எந்த வரியில் அறுந்தது என்று காட்டினால் தெரிகிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போ, தம்பி. ஆலோசகர் பதில் போடாவிட்டால் துறை அலுவலகத்தில் போய்ச் சொல், மாற்றித் தருவார்கள். எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் கேட்ட பிறகுதான்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவள் நான். மியூட் ஆங்கிலத் தேர்வில் பேண்ட் 3. வகுப்பில் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. – க., தெலுக் இந்தான்

தங்கச்சி, நானும் தமிழ்ப்பள்ளிதான். முதலில் சுற்றிப் பார், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேருக்கு இதே நிலைமை, கிளந்தான் பிள்ளைகளுக்கும் சபா பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் என்றால் வியர்க்கும். பல பாடங்கள் மலாயில்தான் நடக்கின்றன, புத்தகம் ஆங்கிலம், விளக்கம் மலாய், பவர்பாயிண்ட் இரண்டும் கலந்து. நமக்கு மூன்று மொழி காதில் விழுந்து பழக்கம், இதில் நாம் மோசம் இல்லை.

எனக்கு உதவியது ஒரே ஒரு பழக்கம். டுடோரியல் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிடுவேன். முன்னாடியே எழுதி வைத்த கேள்விதான், ஒரே வரி. பத்து நிமிடம் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அன்றைக்குத் திறக்காது. முதல் முறை கேட்டபோது ஓர் உச்சரிப்பை மாற்றிச் சொல்லிவிட்டேன், பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்ததில் ஒன்று நம் பையன், அதுதான் வலித்தது. மற்றபடி ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான், அவற்றை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் மூன்றாவது மாதம் காது பழகிவிடும். பிரசென்டேஷனில் முதல் ஆளாகப் போய்விடு. கடைசியில் போனால் அதற்குள் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பாதி உயிர் போயிருக்கும்.

கேள்வி: யூனியில் நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு மட்டும்தான் சேர்கிறார்களாமே, உண்மையா? அதற்கா அவ்வளவு தூரம் போகிறார்கள்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலகங்சார்

(அந்த ஆறு நிமிடக் குரல் பதிவு இவருடையதுதான். தாத்தா, முழுதும் கேட்டேன்.)

உண்மைதான் ஐயா. எங்கள் கேண்டீனில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நீள மேசை, அது நம்முடையது. புதிதாக வந்த நம் பிள்ளை யாராக இருந்தாலும் இரண்டாவது நாளில் அந்த மேசைக்கு வந்துவிடும். பக்கத்தில் சீனப் பிள்ளைகள் மேசை, அந்தப் பக்கம் மலாய்ப் பிள்ளைகள். யாரும் கோடு போடவில்லை.

அந்த மேசையை நான் குறை சொல்லமாட்டேன். முதல் மாதம் அது இல்லையென்றால் நான் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்திருப்பேன். எந்த விரிவுரையாளர் பழைய தேர்வுத்தாளிலிருந்து கேட்பார், எந்தக் கடையில் சைவச் சோறு சுத்தமாகக் கிடைக்கும், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வாங்கி வருவார்கள் எல்லாம் அங்கேதான். பொங்கலுக்கு விடுதி வாசலில் பானை வைக்க அனுமதி வாங்கி, கரி பிடித்த கையோடு வகுப்புக்கு ஓடியதும் அந்தக் கூட்டத்தோடுதான். ஆனால் சீனியர்கள் சிலர் அதை வீட்டுக்காவல் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். யாரோடு உட்கார்ந்தாய், ஏன் நேற்று கூட்டத்துக்கு வரவில்லை, 'அக்கா' என்று ஏன் கூப்பிடவில்லை என்று விசாரணை. முதல் ஆண்டில் ஒரு ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு எங்களை வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராகப் பெயர், ஊர், படிப்பு சொல்லச் சொன்னார்கள். ஒற்றுமைக்காகவாம். மறுநாள் எட்டு மணிக்குத் தேர்வு இருந்தது, ஒற்றுமையாகத் தூங்கி வழிந்தோம்.

என் அறைத்தோழி கிளந்தான்காரி. முதல் வாரம் அவள் மலாய் எனக்குப் புரியவே இல்லை, நான் பேசுவது அவளுக்குத் தொலைக்காட்சிச் செய்தி மாதிரி இருந்ததாம். அவள் விடியற்காலை சுபோ தொழுகைக்கு அலாரம் வைப்பாள், நான் அந்த அலாரத்தில் எழுந்து படிக்கப் பழகினேன், 1.95-இலிருந்து ஏறியதில் அந்த அலாரத்துக்கும் பங்கு உண்டு. அறையில் விளக்கேற்ற முடியாது, நெருப்பு வைக்கக் கூடாது என்பது விதி, அதனால் விபூதி மட்டும். ஒருநாள் அது என்ன சாம்பல் என்று கேட்டாள். ஒரு வருடமாகக் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தாளாம். நானும் அவளுடைய பூடு (புளிக்கவைத்த மீன் சாறு) பாட்டிலைப் பற்றி அதே ஒரு வருடம் கேட்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கேள்வி: மகன் தமிழ் படிக்கப் போகிறேன் என்கிறான். அது சோறு போடுமா? – ஒரு தந்தை, பாகான் செராய்

ஐயா, நேராகச் சொல்கிறேன். தமிழாசிரியர் ஆக வேண்டும் என்றால் வழி தெளிவாக இருக்கிறது. ஆசிரியர் கல்விக் கழகங்கள் இருக்கின்றன, தஞ்சோங் மாலிமில் உப்சி இருக்கிறது. அது 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமானது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் படித்தால் வேலை தானாக வந்து கதவைத் தட்டாது. எழுத்து, ஊடகம், மொழிபெயர்ப்பு, ஆய்வு என்று அவனே தேட வேண்டும். வேறு ஒரு கையும் வேண்டும், நல்ல மலாய், நல்ல ஆங்கிலம், கணினி.

ஆனால் அந்தத் துறையை மட்டமாகப் பேசாதீர்கள். அது 1956-இல் வந்தது, பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே முதன்மை மொழி தமிழா சமஸ்கிருதமா என்று பெரிய வாதம் நடந்தபோது தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார், ஆளுக்கு ஒரு வெள்ளி. பால் வெட்டியவர்களும் கொடுத்தார்கள். தன் பிள்ளை ஆறாம் வகுப்பு தாண்டுமா என்றே தெரியாத ஆட்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் வேண்டும் என்று காசு கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். பத்து வருடத்தில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது, முன்னின்றவர் அந்தத் துறையின் பேராசிரியர் தனிநாயகம் அடிகள். நான் படிப்பது வேறு துறை. இருந்தாலும் அந்த ஒரு வெள்ளிக் கதையைக் கேள்விப்பட்டபோது, கதவுக்கு அடியில் வெளிச்சம் பார்த்துத் திரும்பிய எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கேள்வி: மாணவர் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். அரசியலில் இறங்கினால் படிப்பைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அப்பா பயப்படுகிறார். – ம., தாப்பா

அப்பா பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1974-இல் ரப்பர் விலை விழுந்து பாலிங்கில் விவசாயிகள் போராடினார்கள், மாணவர்கள் கோலாலம்பூரில் அவர்களுக்காகத் தெருவில் இறங்கினார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அடுத்த ஆண்டே 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தை இறுக்கினார்கள். ஆவுக்கு என்ற அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே நடுங்கிய தலைமுறை அது. பிறகு தளர்ந்துவிட்டது. 2012-இல் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றானது, அதற்குப் பிறகு வளாகத்துக்குள்ளேயும் வழி திறந்தது. நில்லுங்கள். ஆனால் வாக்கு கேட்கப் போகும்போது அந்த மின்விசிறி மேசையைத் தாண்டிப் போக வேண்டும், ஒரு மேசையின் வாக்கை வைத்து ஜெயிக்க முடியாது.

கேள்வி: குழு அசைன்மென்ட்டில் நான்கு பேர், வேலை செய்வது நான் மட்டும். – கோபத்தில் ஒருத்தி, சித்தியவான்

இதற்கு நான் ஒரு புத்தகமே எழுதுவேன். முதல் கூட்டத்திலேயே யார் எந்தப் பகுதி என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடு, எல்லாரும் ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பில் எழுதட்டும். யார் எப்போது என்ன தொட்டார்கள் என்று அதில் வரலாறு இருக்கும். இரண்டாவது வாரமே ஆள் காணோம் என்றால் அப்போதே விரிவுரையாளரிடம் சொல். சமர்ப்பிக்கிற ராத்திரி அழுதுகொண்டு மின்னஞ்சல் போட்டால் அவரும் என்ன செய்வார். காட்டிக்கொடுப்பது மாதிரி இருக்கிறதே என்று நீ யோசிப்பாய், நானும் யோசித்தேன், யோசித்து யோசித்து மூன்று பேருக்கு ஏ வாங்கிக் கொடுத்தேன்.

இதோடு சேர்த்து இன்னொருவர் சாட்ஜிபிடியை வைத்து எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் வகுப்பில் ஒருவர் எழுத வைத்தார். மேற்கோள் பட்டியலில் இருந்த நான்கு கட்டுரையும் உலகத்திலேயே இல்லை. விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "இந்த இரண்டாவது கட்டுரையை எங்கே படித்தாய்?" அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: காசுக்கு என்ன வழி? அரசாங்கக் கல்விக் கடனான பிடிபிடிஎன் போதுமா? – பலர்

போதாது, ஆனால் அதில்லாமல் முடியாது. விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும், கடிதம் வரும் முன்பே திறந்து வையுங்கள். குறைந்த வருமானக் குடும்பம் என்றால் நுழையும் முன்பே 1,500 வெள்ளி வரை முன்பணம் கேட்கலாம். கடன் காசு முதல் செமஸ்டரில் தாமதமாகத்தான் வரும், அதுவரைக்கும் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். எனக்கு அந்த வாரங்களில் அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். இளங்கலையில் முதல் வகுப்பு எடுத்து, நிபந்தனைகளும் பொருந்தினால் பிடிபிடிஎன் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கிடைக்கலாம், அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். என் நிலைமை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், நான் கட்டப் போகிறேன்.

வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய பெட்டியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளி கட்டிச் சேர்ந்தவர்கள் ஏராளம். உறுப்பினர் புத்தகம் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போய் பிள்ளைகள் படிப்புக்கு என்ன உதவி இருக்கிறது என்று கேளுங்கள். எம்ஐஇடி கல்விக் கடனையும் விசாரியுங்கள். எங்கள் விடுதியில் ஒரு பெண், மூன்றாம் ஆண்டில்தான் தனக்கு ஓர் உபகாரச் சம்பளத்துக்குத் தகுதி இருந்தது என்று கண்டுபிடித்தாள். அறிவிப்புப் பலகையில் இரண்டு வருடமாக ஒட்டியிருந்ததாம்.

கேள்வி: காதல்? – இரண்டு வார்த்தைதான், ஊர் பெயர் கூட இல்லை

வரும். தேர்வு வாரத்தில் மட்டும் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: செப்டம்பரில் விடுதிக்குப் போகிறேன். என்னென்ன கொண்டு போக வேண்டும்? ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா? – ச., சுங்கை சிப்புட்

நம்ம ஊர்க்காரியா! ரைஸ் குக்கர் கூடாது என்று விதியில் இருக்கும், எல்லா அறையிலும் ஒன்று இருக்கும். எங்கே ஒளிப்பது என்று அச்சில் சொன்னால் என் விடுதி மேற்பார்வையாளர் நேராக என் அலமாரிக்குப் போவார், அதனால் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும், சோறு பொங்கும்போது சாம்பார் பொடி போடாதே, வாசனை மூன்று மாடிக்குப் போகும், பிடிபட்டவர்கள் எல்லாரும் அதில்தான் பிடிபட்டார்கள்.

மெல்லிய போர்வை, வாளி, நீளமான மின்கம்பி இணைப்பு, பனடோல், சான்றிதழ்களின் நகல் பத்துப் பத்து, கடப்பிதழ் அளவுப் படம். புதுத் துணி நிறைய வாங்காதே, எல்லாரும் பாஜு கூரோங்கும் டீ சட்டையும்தான் போடுகிறார்கள். இணைப்பாடச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொள். யூபியூவில் அதற்குப் பத்து விழுக்காடு கொடுத்தார்களே, அதோடு முடிந்தது என்று நினைக்காதே, இரண்டாம் ஆண்டில் விடுதி அறை கிடைக்கப் பல இடங்களில் நடவடிக்கைப் புள்ளி பார்க்கிறார்கள். அறை கிடைக்காதவர்கள் வெளியே வாடகைக்குப் போய், மோட்டார் வாங்கி, பெட்ரோல் போட்டு, கடன் காசு அதிலேயே போய்விடுகிறது.

பாட்டி ஊறுகாய் கட்டிக் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்லாதே. மூடிக்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, துணிப்பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொள். என் முதல் செமஸ்டர் முழுக்க மூன்று பாஜு கூரோங்கில் எலுமிச்சங்காய் வாசம் போகவே இல்லை.